பத்தாது மேடம்

நாலாயிரம் என்ற எண்ணைப் பென்சிலால் அடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எதிரே இருந்த இளம் டாக்டரைப் பார்த்தார் மேடம். "குழந்தைங்க கணக்கு அப்புறம். பள்ளிக்கூடம் எத்தனை?"

"எட்டு, மேடம்."

"பத்தாது."

ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியல் பார்ப்பவர். வயது ஐம்பத்தாறு. யார் திட்டத்தோடு வந்தாலும் இந்தச் சொல்தான் முதலில் வரும். அதனால் முதுகுக்குப் பின்னால் 'பத்தாது மேடம்'. கணவரும் விடுவதில்லை: "கல்யாணத்தப்பவே என் உயரத்தைப் பாத்து மனசுக்குள்ள அதைத்தான் சொல்லியிருப்பா."

டாக்டரின் திட்டம் எளிமையானது. குலுக்கல் முறையில் தேர்ந்த பாதிப் பள்ளிகளில் வகுப்பு வாசலிலேயே கைகழுவக் குழாயும் சோப்பும், மீதியில் இல்லை. வயிற்றுப்போக்கால் எடுக்கும் விடுப்பு குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

"நாலாயிரம் பேர் இருக்காங்களே, மேடம்?"

"ஒரே தொட்டித் தண்ணி குடிக்கிற ஐநூறு பேர், ஐநூறு பேர் இல்லை டாக்டர். ஒருத்தனுக்கு வந்தா வகுப்பே படுத்துக்கும். சோப்பு வைக்கிற நாலு பள்ளிக்கூடத்துல ஒண்ணுல தொட்டி கெட்டாப் போதும், உங்க சோப்பு தோத்துடும். அங்கேயே இன்னும் ஆயிரம் பேரைச் சேத்தாலும் பிரயோசனம் இல்லை. பள்ளிக்கூடத்தைக் கூட்டுங்க. நாப்பது வேணும்."

"ஒரு வருஷம் தள்ளிப்போகுமே!" டாக்டரின் குரல் ஏறியது.

மேடத்தின் குரல் ஏறவில்லை. பழைய கதை ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தண்ணீர் வடிகட்டி பற்றிய ஓர் ஆய்வு, ஆறே ஊர்கள். போதும் என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். முடிவில் வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. 'பலன் இல்லை' என்று எழுதினார்கள்; வீடுகளில் வைத்த வடிகட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

"நெசமாவே பலன் இல்லையா, எங்களுக்குப் பாக்கத் தெரியலையா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."



அடுத்த வாரமே மேடம் விடுப்பு போட்டுவிட்டு, பள்ளிகளைச் சேர்க்க டாக்டரோடு பஸ் ஏறினார். ஒரு தலைமையாசிரியர் முகம் கொடுத்தே பேசவில்லை. "குலுக்கல்ல எங்களுக்குச் சோப்பு வரலைன்னா?"

"பலன் இருந்தா, முடிஞ்ச கையோட உங்களுக்கும் வரும் சார். அதுக்கு நான் பொறுப்பு," என்றார் மேடம்.

முப்பத்தெட்டுப் பள்ளிகள் சேர்ந்தன. "ரெண்டு குறையுது. சரி, சமாளிக்கலாம்," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை டாக்டர் அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பிற்பகலில் முடிவுத்தாள் வந்தது. எண்களோடே வாழ்கிற மேடம் அதைத் தொடவில்லை. "நீங்களே படிங்க," என்று நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் படித்தார். குழாய் வைத்த பள்ளிகளில் விடுப்பு நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வித்தியாசம்.

"இன்னொரு தடவை."

மறுபடி படித்தார். நாற்காலி உடனே திரும்பவில்லை. திரும்பியபோது, மதியத்திலிருந்து பிரிக்காமலே இருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பாதியை மூடியில் எடுத்துவைத்து, டாக்டர் பக்கம் நகர்த்தினார்.