வாடப்போட்ட கிழங்கு

எலுமிச்சை மரத்தை நினைத்த மாதத்தில் பூக்கவைக்கத் தெரியாதவன் எல்லாம் ஒரு எலுமிச்சை வியாபாரியா என்று கேட்பார் தங்கப்பழம். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கமாட்டார். அவருக்குப் பதில் சொல்லுகிற தைரியம் சங்கரன்கோவிலில் எவனுக்கு இருக்கிறது? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, புளியங்குடிச் சந்தையில் மூட்டை தூக்கி, அதே சந்தையில் சொந்தமாகக் கமிஷன் கடை போட்டு, நாற்பது வருஷம் அதை நடத்தி, இங்கே மாடி வீடு கட்டிய மனிதர். பழத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு உருட்டு உருட்டினால் போதும், எந்த ஊர்த் தோட்டத்துப் பழம், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். விவசாயம் படித்துப் பட்டம் வாங்கியவர்களே அவர் முன்னால் வாயைப் பிளந்து நின்றிருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட ஆளை ஒரு தொட்டிச் செடி தலைகுனிய வைத்தது.

அது அவர் மனைவி ஏஞ்சல் வளர்த்த செடி. கிழங்கு சின்ன வெங்காயம் மாதிரி இருக்கும். இலை கோரைப்புல் மாதிரி இருக்கும். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாதது போலக் கிடக்கும். ஐப்பசியில் நல்ல மழை பெய்துவிட்டால் ஐந்தாம் நாள் தொட்டி கொள்ளாமல் ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளும். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் ஆட்டம். நர்சரிக்காரர்கள் அதை மழை லில்லி என்றார்கள். ஏஞ்சல் மழைப்பூ என்பாள். எட்டுத் தொட்டி வைத்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் இறந்துபோனாள். பெண்டாட்டியைத்தான் நிறுத்திவைக்க முடியவில்லை, அவள் செடியையாவது நிறுத்திவைப்போம் என்று தங்கப்பழம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். ஊற்ற ஊற்ற இலை மஞ்சளாகியது. இன்னும் ஊற்றினார். ஒருநாள் தொட்டியிலிருந்து நாற்றம் வந்தது. கையை விட்டுப் பார்த்தால் கிழங்கெல்லாம் கூழாகக் கிடந்தது. நாலு தொட்டி மண்ணோடு போயிற்று. மிச்சமிருந்த கிழங்குகளைத் தோண்டி, அழுகிய தோலை உரித்து, சாக்கில் நிழல்காயப் போட்டு, அடுப்புச் சாம்பலில் புரட்டி, ஆற்றுமணலும் செம்மண்ணும் செங்கல் துண்டும் கலந்து திரும்ப நட்டார். கழுத்து வெளியே தெரிகிற மாதிரிதான் நட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எலுமிச்சங்கன்று நட்ட கைக்கு அது தானே தெரிந்தது.

ஆனால் போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மகள் ஜெஸ்லின் கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது அந்த நாலு தொட்டியிலும் இலைகூட இல்லை. கிழங்கு உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது. வெறும் மண்ணைப் பார்த்தாள்.

"அம்மா செடியவும் கொன்னுட்டீயளாப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள். சந்தையில் எத்தனையோ பேர் எத்தனையோ பேசியிருக்கிறார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். இதை உதற முடியவில்லை.

"அடுத்த வருசம் பாரு மக்கா. கடைப்பூ ஒரு இதழு ஒங்கம்மா கல்லறையில படாது. பூரா வீட்டுப்பூதான்" என்றார்.

"பாப்போம்" என்றாள் ஜெஸ்லின். அந்தப் 'பாப்போம்' வருஷம் முழுக்க அவர் காதிலேயே கிடந்தது.

கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி பூக்க வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. மழையை நம்பினால் நடக்குமா? எலுமிச்சைக்கு ஒரு வித்தை உண்டு. மரத்தை வாடப்போட வேண்டும். தண்ணீரை நிறுத்தி, இலை சுருண்டு, மரம் செத்தேன் பிழைத்தேன் என்று நிற்கும்போது மடை திறந்து விட்டால், உயிர்ப்பயத்தில் பூவாய்க் கொட்டும். அதே வித்தையை இந்தக் கிழங்கிடம் காட்டினால் என்ன? ஆவணியில் ஒரு தொட்டியில் சோதித்துப் பார்த்தார். மூன்று வாரம் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஐந்தாம் நாள் விடியற்காலை மூன்று பூ. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் சுவரைப் பார்த்து, "எப்படி?" என்று கேட்டுக்கொண்டார்.

புரட்டாசி பிறந்ததும் நாலு தொட்டியையும் கார் நிற்கிற தகரக் கொட்டகைக்குள் வைத்துச் சொட்டுத் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டார். ஐப்பசி மழை தகரத்தில் விழுந்து ஓடும்; தொட்டி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அக்டோபர் இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர். காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை புளியங்குடியில் தம்பி மகனுக்கு நிச்சயதார்த்தம். போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பினார். கேட்டைத் திறந்ததும் மண்வாசனை. நாலு தொட்டியும் நனைந்து, தட்டுகளில் தண்ணீர் தேங்கி நின்றது.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். வீட்டோடு தறி போட்டு ஓட்டுகிறவள்.

"வந்துட்டீயளா அண்ணாச்சி? செடியெல்லாம் கருவாடாக் காஞ்சு கெடந்துச்சு. பாக்கப் பொறுக்கல. நேத்துக் காலையில நாந்தான் உள்ள வந்து நாலு கொடம் ஊத்துனேன்."

"ஒன்னைய யாரு ஊத்தச் சொன்னா?"

"வாயில்லாச் சீவனுக்குத் தண்ணி ஊத்த யாரு சொல்லணும்?"

"வாடப்போட்டிருக்கேன்! வேணும்னுதான் வாடப்போட்டிருக்கேன்! ரெண்டாந்தேதி பூக்கணும். இப்பம் வியாழக்கிழமையே பூத்துருமே!"

ஆவுடையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பூக்கும்னா சந்தோசப்படுவாவ. நீங்க என்ன அண்ணாச்சி, பூக்கும்னு ஏசுதீய? பூவு என்ன, ஒங்க கடையில வேல பாத்த ஆளா, சொன்ன நேரத்துக்கு வந்து நிக்க?"

தட்டுத் தண்ணீரைக் கொட்டினார். பூப்பதைத் தள்ளிப்போடத் தொட்டிகளைத் தூக்கி, வெளிச்சம் புகாத உள்ளறையில் வைத்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தினார். செடி எதற்கும் மசியவில்லை. புதன்கிழமை ஈர்க்குச்சி கனத்தில் காம்புகள் கிளம்பின. வியாழக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், அந்த இருட்டறைக்குள் நாற்பத்து மூன்று பூ.

வெளியே எடுத்து வைத்தார். ஏஞ்சல் இருந்த காலத்திலும் இப்படிப் பூத்ததில்லை. அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை. போனை எடுத்தார். ஜெஸ்லின் பெயர் வரை போய்விட்டு வைத்துவிட்டார். என்ன சொல்வது? தங்கப்பழம் போட்ட திட்டத்தை நாலு குடம் தண்ணீர் கெடுத்துவிட்டது என்றா? வெள்ளிக்கிழமை பூக்கள் அகன்று விரிந்தன. சனிக்கிழமை ஓரம் சுருண்டது. அன்று சாயங்காலம் அவரே ஒவ்வொரு காம்பையும் விரலால் நிமிர்த்திப் பார்த்தார். விட்டதும் சாய்ந்துகொண்டது.

சொன்ன சொல் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முனை ஆட்டோக்காரன் காசியின் வண்டியில் நாலு தொட்டியையும் ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். எங்கே பார்த்தாலும் கேந்திப்பூவும் ரோஜாவும் மெழுகுவர்த்தியும். ஏஞ்சலின் கல்லறையில் மட்டும் நாலு தொட்டி, நனைந்த காகிதம் போல ஒட்டிக்கொண்ட பூக்கள். அவரோடு கடை வைத்திருந்த ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன வே, நட்டுன மாதிரியே தூக்கிட்டு வந்துட்டீரு? ஒரு மாலை வாங்கியிருக்கக் கூடாதா?"

"ஒம்ம சோலியப் பாத்துட்டுப் போவும்" என்றார் தங்கப்பழம்.

ஜெஸ்லின் ரயிலை விட்டு இறங்கி நேராக அங்கே வந்தாள். கையில் ரோஜாப் பொட்டலம் இருந்தது. தொட்டிகளைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வாடிய பூ ஒன்றைப் பிரித்தாள். உள்ளே கொஞ்சம் ரோஸ் நிறம் மிச்சமிருந்தது.

"அம்மாது தானப்பா?"

"பின்ன? நாப்பத்து மூணு."

"எப்பம் பூத்துச்சு?"

"வியாழக்கெழம."

"எனக்குச் சொல்லவே இல்லியே?"

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தங்கப்பழத்துக்குத் தோன்றியது.

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்பா. லீவு கெடச்சிருக்காது."

பொய் சொல்லாத பிள்ளை. அதில் அவருக்கு ஒரு பெருமை வந்தது. ரோஜாப் பொட்டலத்தை அவரே எடுத்துப் பிரித்து அவள் கையில் கொடுத்தார். "வை. வாங்கிட்டு வந்தது வீணாப் போவானேன்."

சாயங்கால ரயிலுக்கே அவள் கிளம்பிவிட்டாள். ஒரு தொட்டி கொண்டுபோகச் சொன்னார். பிளாட்டில் வெயிலே விழாது என்றாள். "உயிரோட இருக்குல்லா, அது போதும்பா. நீங்களே வச்சிருங்க."

வீட்டுக்கு வந்து தொட்டிகளைக் கொட்டகைக்குள் வைக்கப் போனவர், யோசித்துவிட்டு முற்றத்தில் வானம் பார்க்க வைத்தார். இனி அடுத்த நவம்பர் வரைக்கும் அவற்றை எந்தத் தேதிக்கும் பழக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் மழையும் இல்லை. அவரும் ஊற்றவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை இரவு நல்ல மழை.

சனிக்கிழமை காலையில் ஒரு தொட்டியில் ஐந்து பூ பூத்திருந்தது. இந்த முறை அவர் ஒன்றும் செய்யவில்லை. அதுவாகப் பூத்தது. போனை எடுத்தார். சனிக்கிழமையும் ஜெஸ்லினுக்கு ஆபீஸ் உண்டு. வைத்துவிட்டார்.

மதிலருகே போனார்.

"ஏ ஆவுடையம்மா! இங்கன வந்து பாரு!"

தறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். தங்கப்பழம் யாரையும் இரண்டாம் தரம் கூப்பிட்டுப் பழகியவர் இல்லை.

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் பூக்கள் குவிந்துகொள்ளும் வரை எழுந்திருக்கவில்லை.