வெள்ளை மருந்து

கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அப்படியொரு கேட்டுக்கு இப்படியொரு பேரை வைத்த மகராசன் யாரோ, கையில் அகப்பட்டால் விடமாட்டேன்.

என் சித்தி, அம்மாவுக்குத் தங்கச்சி, புதியம்புத்தூரில் தங்கி ரெடிமேட் துணி தைத்துக்கொண்டிருந்தாள். பொங்கல் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், சும்மா இருக்க மாட்டாமல் மக்காச்சோளம் ஒடிக்கப் போனாள். தோகை கண்ணில் அறுத்துவிட்டது. தை முடியுமுன்னே கயத்தாறிலிருந்து பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அதனால் வீடே பதறியது. பதறி என்ன செய்தது? பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டுக்காரியிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் ஊற்றியது. பிறகு மெடிக்கலில் ஏதோ சொட்டு மருந்து. இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. மூன்றாம் நாள் கருவிழியில் கம்பு மணி அளவுக்கு வெள்ளை.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணைச் சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணில் காளான் பிடித்திருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மழைக்கு முளைக்கிற காளானைத்தான் நான் கண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது ஒன்பது.

அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள், வேலைக்கு மட்டம் போட முடியாது. அதனால் எனக்கு வயிற்றுவலி என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, மருந்து ஊற்றுகிற வேலையை என்னிடம் கொடுத்தாள். மணிக்கு ஒருதரம், நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். செல்போனில் அலாரம் வேறு. டாக்டரம்மா அதற்கு மேலும் என்னென்னவோ சொல்லியிருப்பார். எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்.

மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஊற்றினால் கண்ணுக்குள் மாவாகப் படிந்து நின்றது. சித்தி எரிச்சலில் பாயைப் பிறாண்டுவாள். பார்க்க வந்த ஒருத்தி, "ஊத்த ஊத்தப் பூ பெருசாயிட்டுல்லா வருது" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பகீரென்றது. வெள்ளை மருந்துதான் வெள்ளைப் பூவை வளர்க்கிறது, இது பெரியவர்களுக்குத் தெரியவில்லை! மருந்தை முருங்கை மரத்து மூட்டில் கொட்டினேன். குப்பியைக் கழுவி, ஆறிய வெந்நீரை நிரப்பினேன். சித்தியின் கண்ணைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் சத்தியமாக நினைத்தேன்.

"ஏட்டி, இன்னைக்கி எரியவே இல்ல. கொணமாகுது போல," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள் சித்தி. நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். அடுத்த மூன்று நாளும் அலாரம் அடித்ததும் ஓடி ஓடி ஊற்றினேன், குலுக்கி.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருவிழி முழுக்க வெளுத்திருந்தது. நர்ஸக்கா புதுக் குப்பியைத் திறந்து ஒரு சொட்டு விட்டார். சித்தி 'ஆ'வென்று பெஞ்சைப் பிடித்தாள். வலி அடங்கியதும் நல்ல கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மருந்த ஒழுங்கா ஊத்துனீங்களா இல்லையா?" டாக்டரம்மா சத்தம் போட்டார். அம்மா அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"மணி தவறாம இவ ஊத்துனா டாக்டரம்மா," என்றாள் சித்தி. "பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

இனி கருவிழியை மாற்றத்தான் வேண்டும், யாராவது இறந்தவர் கண் தானமாகக் கிடைக்கும்வரை பதிந்து வைத்துக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருந்து மாற்றியும் பார்வை மங்கல்தான். கயத்தாறுக்காரர்கள் வரவேயில்லை. பாவி நான், அதையெல்லாம் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் கூட்டம். சித்தி என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, ஊர் வரும்வரை விடாமல் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, சித்திக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.