கொள்ளி வைத்தது யார்

அந்தப் படத்தை என் கணவர் எத்தனை முறை பார்த்தாலும் அவருக்கு அது முதல் முறைதான். எனக்குத்தான் வசனமெல்லாம் மனப்பாடம். தலையில் அடிபட்டு ஞாபகசக்தி போன ஒருவன், தன் குடும்பத்தை அழித்தவனைப் பழிவாங்க அலைகிறான். விடிந்தால் யாரைத் தேடுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. கூட இருக்கும் சிநேகிதன் ஒருவன் ஒவ்வொரு காலையும் எதிரியின் கதையை முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பான். உடனே அவனுக்குக் கண் சிவந்துவிடும்.

"அடப்பாவி, இவனை விடக்கூடாது!" என்று இவர் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். முந்தாநாளும் அதே இடத்தில் அதையேதான் சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் படம் போடுவோம். யன்னல் சீலை காற்றுக்கு ஊதி மெல்ல அடங்கும். துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினால் இவர் தலை தானாகத் திரும்பும். டவுனில் ஆடுமாடு போலத் திரியும் மான்களில் ஒன்று வழிதவறி வந்து எங்கள் மதிலோரம் வாழைத்தோலை மென்றுகொண்டு நிற்கும். அந்த நேரத்தில் நாளும் கிழமையும் எனக்குமே கொஞ்சம் கரைந்து போகும். கண் சொருகும். அந்தப் படத்தில் வருகிறவன் எங்கள் விறாந்தையில் படுத்திருக்கிறான், நான் அவன் வீட்டில் சோறு போடுகிறேன் என்றெல்லாம் தோன்றும்.

இவர் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். ஒருநாள் இறங்குதுறைப் படியில் பாசி வழுக்கிப் பின்மண்டை கல்லில் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் மொட்டை அடித்து ஒபரேசன் செய்தார்கள். ஆள் பிழைத்தது எங்கள் ஊர்க் கோயில் கோணேசர் புண்ணியம். சின்ன வயதுக் கதையெல்லாம் அப்படியே இருக்கிறது. விழுவதற்கு முந்திய சில வருடங்களைக் காணவில்லை. புதிதாக ஒன்றும் தங்குவதும் இல்லை. என் மாமி, இவரைப் பெற்றவ, செத்துப்போனதே சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்துத்தான் இவருக்குத் தெரியும்.

அந்தச் சாவில் நடந்த அநியாயம் இவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். மொட்டை அடித்துக் கொள்ளி வைப்பதில் எங்கள் வழக்கம் அது. மாமிக்கு வைக்க வேண்டியவர் கடைக்குட்டியான இவர்தான். எஞ்சின் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போனவர், சேதி கேட்டு அடித்துப் பிடித்து வரும்போது பஸ் பாதிவழியில், ஹபரணையில் பழுதாகி நின்றுவிட்டது. "கொஞ்சம் பொறுங்கோ, வந்துகொண்டிருக்கிறார்" என்று இவரின் தமையனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"நேரம் குறிச்சாச்சு. இனிப் பொறுக்க ஏலாது" என்று தூக்கிக்கொண்டு போய்த் தானே வைத்துவிட்டார், அந்த மனிசன். இவர் சுடலைக்கு ஓடியபோது நெருப்பைத்தான் கண்டார். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் செத்தாலும் அவன் இந்தப் படி ஏறக்கூடாது. நீர் பாத்துக்கொள்ளும்."

நன்றாகவே பார்த்துக்கொண்டேன். விழுந்து எழும்பிய பிறகு இவர், "அண்ணை ஏன் வாறேல்லை?" என்று கேட்பார். நான் நடந்ததைச் சொல்வேன். அப்போதுதான் நடந்தது போல முகம் கறுக்கும். அன்றைக்குச் சோறு இறங்காது. அடுத்த நாள் மறுபடியும், "அண்ணை ஏன் வாறேல்லை?" மறுபடியும் சொல்வேன். தமையன் எத்தனையோ தரம் கேற்றடி வரைக்கும் வந்து, என் முகத்தைக் கண்டு திரும்பிப் போனார்.

"தானாடாட்டிலும் தசை ஆடுமடி, பாவம்" என்றா பக்கத்து வீட்டு அக்கா.

"ஆடட்டும். ரோட்டில நிண்டு ஆடட்டும்" என்றேன்.

பிறகொரு மத்தியானம், படத்தில் அந்தச் சிநேகிதன் வந்து எதிரியின் கதையைத் தொடங்கினான். இவர் இந்த முறை நிமிரவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னார்: "இவன் ஒரு நாளைக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால், அந்த மனிசன் நிம்மதியாக் குளிச்சுச் சாப்பிட்டிருப்பான், என்னப்பா?"

தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனவள், அடுப்பை மூட்டாமல் வெறும் கேத்தலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மாமியின் திவசத்துக்குத் தமையன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கேற்றடியில் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போனேன். கேற்றைப் பூட்டவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணை! எங்க போனனீங்கள் இவ்வளவு நாளும்?" என்று இவர் எழும்பி அவரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் மாமியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சாம்பிராணிப் புகை யன்னல் வெயிலில் மெதுவாகச் சுழன்றது. இவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அண்ணை, அம்மாவுக்கு ஆர் கொள்ளி வைச்சது?"

எனக்கு வாய் துடித்தது. சொல்லு மனிசா, உன் வாயாலேயே சொல்லு என்று பார்த்துக்கொண்டு நின்றேன். தமையன் இவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீதானடா வைச்சனீ. நீதானே கடைசிப் பிள்ளை" என்றார்.

இவர் என் பக்கம் திரும்பினார். "மெய்யோ?"

ஐயோ கடவுளே, அந்த ஆளின் கன்னத்தில் நாலு அறை விடவேண்டும் போல வந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை, ஆறவும் ஆறாது. ஆனால் இவரின் முகம் அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை. பெற்றவளுக்குக் கடமை செய்தேனா என்று மட்டும்தான் கேட்டது.

"ஓம்" என்றேன்.

இவரின் கை மெல்ல எழும்பித் தலையைத் தடவியது. "ஓம், ஓம். மொட்டை அடிச்சவை. தலை குளிர்ந்தது ஞாபகம் இருக்கு" என்று சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

அது ஆஸ்பத்திரியில் அடித்த மொட்டை. அந்த நாட்களில் ஒன்றுமே இவருக்குள் தங்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். தமையன் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இப்போதும் கேட்பார், அம்மாவுக்கு ஆர் கொள்ளி வைச்சது என்று. நீங்கள்தான் என்பேன். கை தலைக்குப் போகும். மொட்டை ஞாபகம் வரும். பிறகு, பசிக்குது, சோறு போடும் என்பார்.