கிருஷ்ணன்கோவில் ரோட்டில் ஒரு டம்ளர் சீனித்தண்ணீர்

ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு, இரண்டு நாளில், சைக்கிளில். நானும் என் வீட்டுக்காரரும் போட்ட முதல் பெரிய பயணத் திட்டம் அது. அவருக்குச் சுகர், இன்சுலின் போடுகிறவர். அதனால் வழிச் சாப்பாட்டை நானே முடிவு செய்தேன். சோறு கிடையாது, இட்லி கிடையாது. வெள்ளரிக்காய், அவித்த கடலை, முட்டை, மோர். பேரீச்சம்பழம் எடுத்து வைத்தவரை முறைத்தேன். திரும்ப டப்பாவில் போட்டுவிட்டார். வாயைக் கட்டத் தெரியாத மனுஷன் என்று எனக்கு எப்போதும் அவர்மேல் ஒரு கடுப்பு.

விடிந்ததும் வழக்கமான அளவு ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு முட்டை தின்றுவிட்டுக் கிளம்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை நன்றாகத்தான் ஓட்டினார்.

கிருஷ்ணன்கோவிலை நெருங்கும்போது அவர் சைக்கிள் கோணல்மாணலாகப் போனது. காலேஜ் பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டு, உரசுகிற மாதிரி அவரைத் தாண்டியது. கத்திக்கொண்டே போய்ப் பிடித்து, ஒரு டீக்கடை வாசலில் உட்கார வைத்தேன். சட்டை முழுக்க வியர்வை. என்னைப் பார்க்கிறார், ஆனால் நான் யாரென்று தெரியவில்லை. பேச்சு குழறுகிறது. என்னை ஏமாற்றி எதையோ தின்றிருக்கிறார், சுகர் ஏறிவிட்டது என்றே நினைத்தேன்.

டீக்கடைக்கார அம்மா ஓடிவந்து, தண்ணீரில் கை நிறையச் சீனியைப் போட்டுக் கலக்கி நீட்டினார். தட்டிவிட்டேன். பாதி கீழே கொட்டியது.

"சுகர்க்காரருக்குச் சீனியா? கொல்லப் பாக்கீகளா?"

"ஏட்டி, தள்ளு! இது ஏறுனதில்ல, எறங்குனது. எங்க வீட்டுல அவியளுக்கு எம்புட்டுத் தடவ பாத்திருக்கேன். செத்த நேரம் விட்டா ஆளு கெடைக்க மாட்டாக."

நகர்ந்து வழிவிட்டேன். அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். முதல் மடக்கு கடைவாயில் ஒழுகியது. ஐயோ, விழுங்குங்களேன் என்று அழுதேன். இரண்டாவது உள்ளே இறங்கியது.

எவ்வளவு நேரம் ஆனதோ, கண்ணில் தெளிவு வந்தது. முதலில் டம்ளரைப் பார்த்தார், அப்புறம் என்னை. அவசரமாக டம்ளரைத் தள்ளினார்.

"நானா கேக்கல" என்றார்.

"பேசாம குடிங்க."

"வில்லிபுத்தூர்லயே கை நடுங்குச்சு. சொன்னா, பால்கோவா திங்கதுக்குச் சாக்குன்னு ஏசுவியேன்னு பேசாம வந்துட்டேன்."

உயிர் போகிற நேரத்திலும் அந்த மனுஷன் பயந்தது எனக்குத்தான்.