மதில் நீளப் படம்

எங்கள் சபையின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு, என் அப்பா எடுத்த பழைய ஸ்லைடு ஃபிலிம் ஒன்றைப் பெரிதாக்கி வைக்கத் தீர்மானித்தார்கள். ஆலயத்தின் முன் சபையார் நிற்கும் படம். தூசி துடைத்து, முடிந்தவரை நுணுக்கமாக ஸ்கேன் செய்து கொடுத்தேன்.

"கதவளவுக்கு அடிச்சா முகம் தெளிவா இருக்கும். அதுக்கு மேல போனா கலங்கிரும்" என்றேன்.

"பக்கத்து சபைக்காரனுவ மதில் நீளத்துக்கு வச்சிருக்கானுவ. நாம கதவளவுக்கு வச்சா மானம் போவாதா மக்கா?" என்றார் சபைச் செயலர். அவர் கணக்கில் கர்த்தருடைய மகிமையும் சதுர அடியில்தான்.

புதுக்கடை ஊரிலுள்ள ஸ்டுடியோவில் கலங்கிய முகங்களைத் தெளிவாக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டார்கள். அது தெளிவாக்கவில்லை, தெரியாத இடத்திலெல்லாம் புது முகம் வரைந்து வைத்தது. வெயிலில் கறுத்த எங்கள் ஆட்கள் பற்பசை விளம்பரத்துக்கு வந்தவர்கள்போல் சிரித்தார்கள்.

பண்டிகையன்று செயலர், படத்தின் ஓரத்தில் நின்ற ஒரு வெள்ளைச் சட்டைக்காரரைத் தொட்டுக் காட்டினார். "எங்க அப்பா! என்ன லெட்சணம், பாத்தியா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்ஃபியும் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் நின்றது, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கண் படாமலிருக்கச் சட்டை மாட்டி நட்டிருந்த வைக்கோல் பொம்மை.

இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. பொம்மைக்கும் அவருக்கும் சாடை இருக்கத்தான் செய்கிறது.