பிரிக்காத பொட்டலம்

எங்க வீட்டுக்காரர் பேரு வேலப்பன். புருசன் பேரைச் சொல்லக் கூடாதும்பாங்க. ஆஸ்பத்திரியில சீட்டுப் போடுற எடத்துல எத்தனையோ தடவை சொல்லியாச்சு, இனி அதுல என்ன கெடக்கு. கொடைக்கானல் ஏரியைச் சுத்திக் குதிரைச் சவாரி விடுற ஆளு. வந்தவங்க குதிரை மேல உக்காந்துக்குவாங்க, இவரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நடப்பாரு. கல்யாணத்துக்கு முந்தியிருந்தே நடக்குற காலு. அந்தக் காலைப் பத்தித்தான் இப்பப் பேச்சு.

அதுக்கு முந்தி இந்த மனுசனோட கூத்தைச் சொல்லணும். இவருக்கு எதுவுமே சும்மா நடக்காது. பல்லி கத்துனா ஒரு அர்த்தம், காக்கா கரைஞ்சா ஒரு அர்த்தம், கரண்டு போனா அதுக்கும் ஒரு அர்த்தம். ஒருநாள் அடுத்தடுத்து சவாரிக்கு வந்த மூணு பேரும் முருகன்னு பேரு சொன்னாங்களாம். பழநியாண்டவர் கூப்பிடுறாருன்னு குதிரையைப் பக்கத்து ஆளுகிட்ட விட்டுட்டு, அப்படியே பழநிக்குப் பஸ் ஏறிட்டாரு. அதுவும் நல்ல சீசன் நேரத்துல! "ஏங்க, இந்தப் பழநி மலைப் பக்கம் குடியிருந்துக்கிட்டு மூணு முருகனைப் பாக்குறது ஒரு அதிசயமா? இங்க கண்ணை மூடிக்கிட்டுக் கல்லை எறிஞ்சா ஒரு முருகன் மேலதான் விழும்"னேன். "உனக்கு அதெல்லாம் புரியாது புள்ள"ன்னு விபூதிப் பொட்டலத்தை நீட்டுனாரு.

எங்க கல்யாணமே அந்த லட்சணத்துலதான் நடந்துச்சு. வில்பட்டியில எங்கப்பாவுக்குக் கேரட்டுத் தோட்டம். நான் வாசல்ல கேரட்டு கழுவிக்கிட்டு இருந்தேன். இவரு குதிரையைப் பிடிச்சுக்கிட்டு அந்த வழியாப் போனாரு. குதிரை எங்க வாசல்ல நின்னுருச்சு. இழுத்தாரு, தட்டுனாரு, நகரவே இல்ல. அந்த வாரமே பொண்ணு கேட்டு வந்துட்டாரு. "குதிரையே நின்னுருச்சு, அதுக்கு மேல என்ன வேணும்"னாரு எங்கப்பாகிட்ட. என் காலடியில கேரட்டுத் தழை குமிஞ்சு கெடந்துச்சு. பசிச்ச குதிரை நிக்காம என்ன செய்யும்? இதை நானும் சொல்லிச் சொல்லிச் சலிச்சுட்டேன். காதுலயே வாங்க மாட்டாரு.

இவருக்குச் சர்க்கரை வந்து கொஞ்ச வருசமாச்சு. பாதம் மரத்துப் போச்சு. போன மழையில ரப்பர் பூட்ஸுக்குள்ள ஒரு சின்னக் கல்லு கெடந்துருக்கு, அது தெரியாம நாள் முழுக்க ஏரியைச் சுத்தியிருக்காரு. வீட்டுல வந்து கழட்டுனா சுண்டுவிரல் பக்கம் ரத்தம். மருந்து போட்டோம், ஆறல. டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பாத்துட்டு, "வெரசா மதுரைக்குப் போங்கம்மா. விரலை எடுத்துட்டா பாதம் தப்பிச்சிரும்"னாங்க.

வீட்டுக்கு வந்ததும் இவரு, "பூப்போட்டுப் பாத்துருவோம்"னாரு.

எங்க பக்கம் அது ஒரு வழக்கம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியா இலையில மடிச்சு அம்மன் காலடியில வச்சு, பூசாரியை ஒண்ணு எடுக்கச் சொல்லுவோம். சிவப்பு வந்தா செய்யலாம், வெள்ளை வந்தா வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே மரத்தடியில போட்டுறணும். ஆத்தா மறைச்சதை நாம நோண்டக் கூடாதும்பாங்க.

எங்க வேலியில ரெண்டு நெறத்துலயும் ரோசா இருக்கு. இவரே பறிச்சாரு, இவரே மடிச்சாரு. பூசாரி ஆண்டிச்சாமி கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுத்துப் பிரிச்சாரு. வெள்ளை. "பாத்தியா, ஆத்தா வேண்டாங்குறா"ன்னு இவரு மொகத்துல அப்படி ஒரு தெளிச்சி. ஆத்தாகிட்டப் போயி யாரு சண்டை போடுறது?

நான் டவுன்ல ஒரு லாட்ஜுல வேலை பாக்குறேன். வெள்ளனே முதல் பஸ்ஸுல போயி, பகலெல்லாம் ஊர்ப்பட்ட பேர் படுத்து எந்திரிச்ச பெட்சீட்டைத் துவைக்கணும். வீட்டுக்கு வந்தா இவரு புண்ணு கட்டுன துணியைத் துவைக்கணும். குளிர்ல கை வெரைச்சுப் போகும். துவைச்ச துணி நாலு நாளானாலும் காயாது. அந்த வாடை எங்க போனாலும் என் கூடவே வந்துச்சு. நாள் போகப் போக விரல் கறுத்துச்சு, கறுப்பு மேல ஏறுச்சு. மறுபடி இழுத்துக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா என்னைத்தான் திட்டுனாங்க. "இனி பாதத்தோட எடுக்கணும். இன்னும் தள்ளிப் போட்டா முழங்காலு."

திரும்பி வர்ற பஸ்ஸுல எனக்குத் தாங்கல. ஆளுக பாக்குறாங்கன்னு கூடப் பாக்காமக் கத்திட்டேன். "பல்லி சொன்னாக் கேக்குறீங்க, பூவு சொன்னாக் கேக்குறீங்க. கட்டுன பொண்டாட்டி தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன், அது மட்டும் காதுல விழாதா? நீங்க போயிட்டா எந்தப் பல்லி வந்து எனக்குச் சோறு போடும்?" இவரு சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே வந்தாரு.

மறுநாள் விடியும்போது, "லீலா, இன்னொரு தடவை ஆத்தாகிட்டக் கேட்டுருவோம்"னாரு. எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இல்ல. என்னத்தையோ பண்ணித் தொலைங்கன்னு கூடப் போனேன். அவரு கையில பொட்டலம் ரெண்டும் தயாரா இருந்துச்சு. தோள்ல ஒரு பையும் தொங்குச்சு. என்ன ஏதுன்னு நான் கேக்கல.

கோயில்ல பூசாரி இல்ல, வத்தலக்குண்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாராம். ஒரே பனி, ஒரு ஈ காக்கா இல்ல. இவரே பொட்டலத்தை வச்சுக் கும்பிட்டுட்டு, "நீயே எடு"ன்னாரு. ஆத்தா, இன்னைக்கும் வெள்ளையைக் காட்டுன, இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் எடுத்தேன். பிரிச்சேன். சிவப்பு.

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. இவரு பெருமூச்சு விட்டாரு. "சரி, ஆத்தா சொல்லிட்டா. போவோம். பையில எல்லாம் இருக்கு"ன்னாரு. பாத்தா, மாத்து லுங்கி, துண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை, என்னோட ஒரு சேலை. சந்தோசத்துல எனக்கு ஒண்ணும் ஓடல. இவரு கம்பை ஊனிக்கிட்டு வெளிய நடந்தாரு.

மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கிட்டு நான் மரத்தடிக்குப் போனேன். கீழ போடப் போனவ நின்னுட்டேன். யாரும் சொல்லல, கையே பிரிச்சுச்சு.

அதுவும் சிவப்பு.

அப்ப, அன்னைக்கு? அன்னைக்கும் மடிச்சது இவருதானே! அந்த மிச்சப் பொட்டலத்தை யாரு பிரிச்சுப் பாத்தோம்? அடப்பாவி மனுசா, ஒரு சுண்டுவிரலோட போயிருக்க வேண்டியதைப் பாதம் வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டியே! வாய் வரைக்கும் வந்துருச்சு. திரும்பிப் பாத்தேன். படியில உக்காந்து, பனி படக்கூடாதுன்னு காலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள விட்டுக் கயிறு கட்டிக்கிட்டு இருந்தாரு. கட்டத் தெரியாமக் கட்டி, அவுத்து, மறுபடி கட்டுனாரு. பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல இவருக்கு. நான் போறேன்னு சொல்லவும் தெரியல. பூவை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்காரு.

நான் போயி குனிஞ்சு அந்தக் கயித்தை இறுக்கிக் கட்டுனேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டாரு.

"மிச்சப் பொட்டலத்தை மரத்தடியில போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"பிரிச்சுப் பாக்கலைல்ல?"

"எனக்கு அதுல என்ன சோலி?"

இவரு என் மொகத்தைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. நான் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, அவரு கையைப் பிடிச்சுத் தூக்குனேன். ரோட்டுக்கு வந்து நிக்கவும், வளைவுல ஹாரன் சத்தம் கேட்டுச்சு, பனிக்குள்ள பஸ்ஸு வெளக்கு தெரிஞ்சுச்சு.

"பாத்தியா புள்ள, நாம வந்து நின்னதும் பஸ்ஸு வருது. நல்ல சகுனம்"னாரு.

அந்த பஸ்ஸு தெனமும் அந்நேரத்துக்குத்தான் வரும். அதுலதான் நான் தெனமும் வேலைக்குப் போறேன்.

"ஆமாங்க, நல்ல சகுனந்தான்"னு சொல்லி, அவரை முதல்ல ஏத்திவிட்டேன்.