சட்டைப் பையில் ஒரு கல்

மலாயாவின் பத்து பகாட் ஊருக்குப் போகும் நீராவிப் படகில் என் எதிரே இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பாறைகளை ஆராயும் அரசாங்க உத்தியோகம். ஒட்டிய கன்னம், உள்ளே போன கண்கள். பேச்சுக்குப் பேச்சு இடது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பணம் என்று நினைத்தேன். என் வாத்தியார் புத்தி அதற்கு மேல் போகாது.

கரிய கல் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“இதுக்குள்ள யுரேனியம் கதிர் வீசி மெல்ல மெல்ல ஈயமா மாறுது, மாஸ்டர். சேர்ந்த ஈயத்தை அளந்தா கல்லின்ர வயசு தெரியும். இப்பிடியான கல்லுப் பக்கத்தில புதைஞ்ச சிப்பிக்கும் வயசு சொல்லலாம்.”

புழுக்கத்தில் பித்தானைக் கழற்றினார். பைக்கு நேரே நெஞ்சில் ஆறாத சிவந்த புண்.

“அலமாக்!” என்று மலாய்க்காரர் போல அலறினேன். “தூக்கிக் கடல்ல போடுங்க சார்!”

“டாக்குத்தரும் அதைத்தான் சொன்னவர். பெட்டியில வைச்சா களவு போயிடும். சுடுற கதிராலதான் மாஸ்டர் இது வயசு சொல்லுது. சுடாட்டி வெறுங்கல்லு.”

சிரித்தபடி அதே பையில் போட்டுக்கொண்டார்.

துறையில் இறங்கும்போது, கல்லைத் தொட்ட அதே கையை நீட்டினார். துரைமார் போலக் கைகுலுக்குவதில் எனக்கு அலாதிப் பெருமை. அன்று கும்பிட்டேன். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாரா என்பது இன்றுவரை தெரியவில்லை.